பிரிட்டன் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் படிக்க வந்திருக்கலாம், வேலை விசாவில் வந்திருக்கலாம், கணவரோ மனைவியோ இங்கே இருப்பதால் வந்திருக்கலாம். இந்திய பாஸ்போர்ட்டோ, இலங்கை பாஸ்போர்ட்டோ, மலேசிய பாஸ்போர்ட்டோ, எதுவாக இருந்தாலும் சரி, முறையான விசாவோடு பிரிட்டனில் குடியிருக்கிறீர்கள், 18 வயது ஆகிவிட்டது என்றால் இந்த நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டு. குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே இருக்கும் உரிமை இது. சொன்னால் பெரும்பாலானவர்கள் முதலில் நம்புவதில்லை. வந்து ஆறு வருடம் ஆன ஒரு நர்ஸ் தங்கச்சி, "அது பாஸ்போர்ட் மாத்தினவங்களுக்குத்தானே அண்ணா?" என்று என்னிடம் கேட்டார். அந்த ஆறு வருடத்தில் ஒரு பொதுத்தேர்தல் வந்து போயிருந்தது, அவர் பெயரே பட்டியலில் இல்லை.

பெயரைச் சேர்த்த அன்றே அவர் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரை: "சரி, யாருக்குப் போடறது?" எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. எப்படி யோசித்து முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர்

அரசின் இணையதளத்தில் பெயர் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் கேட்பார்கள். இன்னும் வரவில்லை என்றாலும் விண்ணப்பிக்கலாம், உங்கள் ஊரின் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில் வேறு ஆவணம் கேட்டு வாங்கிக்கொள்ளும். தேர்தல் நாளுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்னால் கதவை மூடிவிடுவார்கள். 2024 ஜூலை 4 அன்று நடந்த தேர்தலுக்கு ஜூன் 18 நள்ளிரவுதான் கடைசி. ஆகவே தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்றைக்கே செய்துவிடுங்கள். வீடு மாறினால் திரும்பவும் பதிய வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது.

நம்மவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து, பதியுங்கள். இனிஷியல் போட்டு ஒரு இடத்தில், அப்பா பெயரை விரித்து இன்னொரு இடத்தில், ஊர்ப் பெயரையும் சேர்த்து வேறொரு இடத்தில் என்று நம் பெயர்கள் மூன்று விதமாகத் திரிகின்றன. வாக்குச்சாவடியில் அடையாள அட்டையையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே நின்றுகொண்டு தமிழ்ப் பெயர் வைக்கும் வழக்கத்தை விளக்குவது சிரமம்.

எந்தத் தேர்தல் என்று பாருங்கள்

கதவுக்கு வருகிற எல்லாத் தேர்தலும் ஒன்றல்ல. குப்பை எடுப்பது, பார்க்கிங் பெர்மிட், நூலகம், முதியோர் பராமரிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் கட்டுகிற மாடிக்கு அனுமதி, இதெல்லாம் கவுன்சில். விசா, வருமான வரி (ஸ்காட்லாந்தில் சம்பளத்துக்கான வரி விகிதத்தை எடின்பரோ அரசே வைக்கிறது), வெளியுறவு, இவை வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டனில் இருக்கும் நாடாளுமன்றம். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கொஞ்சம் குழப்பும்: இங்கிலாந்தில் இருந்தால் அது லண்டன் அரசின் பொறுப்பு, ஸ்காட்லாந்தில் எடின்பரோ அரசு, வேல்ஸில் கார்டிஃப் அரசு. கார்டிஃபில் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு நீள்கிறது என்ற கோபத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் எம்.பி.யை மாற்றிப் பயனில்லை. முடிவு யார் கையில் இருக்கிறதோ அந்தத் தேர்தலில் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டும். வட அயர்லாந்தில் கட்சிகளே வேறு, அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும். இனி நான் சொல்வது நாடாளுமன்றத் தேர்தல் பற்றி.

கூட்டணிக் கணக்கு உங்கள் தலையில்

மொத்தம் 650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது நமக்குப் புதிதல்ல, இந்தியாவில் இருப்பதும் இதே முறைதான், பிரிட்டனிடமிருந்து வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் புரிய வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொள்வது தலைவர்களின் வேலை. தேர்தலுக்கு முன்பே கூட்டணி பேசி, தொகுதிப் பங்கீடு முடித்து, இந்தத் தொகுதி உனக்கு அந்தத் தொகுதி எனக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். நம்மிடம் வரும்போது கணக்கு முடிந்திருக்கும். இங்கே அப்படி நடப்பது அபூர்வம். 2019-ல் பிரெக்ஸிட் கட்சி, கன்சர்வேட்டிவ்கள் ஏற்கெனவே வென்றிருந்த 317 தொகுதிகளில் போட்டியிடாமல் விலகியது, அந்த மாதிரி எப்போதாவது. மற்றபடி லேபர், கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட், ரிஃபார்ம், கிரீன் என்று ஆளாளுக்கு எல்லா ஊரிலும் வேட்பாளர் நிறுத்துவார்கள். ஆக, கூட்டணிக் கணக்கை வாக்காளர் தன் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த கட்சி இங்கே மூன்றாம் இடம், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத கட்சி முதலிடம், அதைத் தோற்கடிக்கக்கூடிய நிலையில் இரண்டாம் இடத்தில் இருப்பது யார்? இந்தக் கேள்வியைக் கேட்டு அந்த இரண்டாம் கட்சிக்குப் போடுவதைத்தான் இங்கே டாக்டிகல் ஓட்டு என்கிறார்கள்.

இதன் விளைவை 2024 முடிவில் பாருங்கள். லேபருக்கு 33.7 சதவீத ஓட்டு, 411 இடங்கள். ரிஃபார்முக்கு 14.3 சதவீதம், கிடைத்தது 5 இடம். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். ரிஃபார்ம் ஓட்டு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது, லிபரல் டெமாக்ரட் ஓட்டு தேவையான தொகுதிகளில் குவிந்திருந்தது. கன்சர்வேட்டிவைத் தோற்கடிக்க நினைத்த பலர் தங்கள் தொகுதியில் அதற்கு ஏற்ற கட்சி எது என்று பார்த்துப் போட்டார்கள்.

ஆகவே உங்கள் இரண்டாவது வேலை: தபால் குறியீட்டைப் போட்டு உங்கள் தொகுதி எது என்று கண்டுபிடியுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கும். பிறகு அந்தத் தொகுதியின் கடந்த தேர்தல் முடிவை எடுத்து, முதல் இரண்டு இடம் யார், இடைவெளி எவ்வளவு, மூன்றாமவர் எவ்வளவு பின்னால் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2024 தேர்தலுக்காக எல்லைகளை மாற்றி வரைந்ததால் அதற்கு முந்தைய முடிவுகளை அப்படியே ஒப்பிட முடியாது, பெயர் ஒன்றாக இருந்தாலும் தெருக்கள் மாறியிருக்கும்.

இடைவெளி மிகக் குறைவு என்றால் உங்கள் ஓட்டுக்கு இருக்கும் கனம் சாதாரணமானதல்ல. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் வடமேற்கு லண்டனில், ஹெண்டன் தொகுதியில், 2024-ல் லேபர் ஜெயித்தது 15 ஓட்டில். பதினைந்து! இரண்டு குடும்பத்தோடு ஒரு வாடகை வீட்டு மாணவர்களைச் சேர்த்தால் வந்துவிடும். 2025 மே மாதம் ரன்கார்ன் இடைத்தேர்தலில் ரிஃபார்ம் 6 ஓட்டில் ஜெயித்தது. 2017-ல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃபில் இரண்டே ஓட்டு. இப்படிப்பட்ட தொகுதியில் இருந்துகொண்டு "என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது" என்று வீட்டில் உட்காராதீர்கள்.

இடைவெளி பல்லாயிரம் என்றால் அது பாதுகாப்பான தொகுதி, அங்கே கணக்குப் போட வேண்டிய கட்டாயம் இல்லை, மனதுக்குப் பிடித்த கட்சிக்கே போடலாம். அந்த ஓட்டும் வீண் இல்லை. ஒவ்வொரு வேட்பாளரும் 500 பவுண்டு டெபாசிட் கட்டுகிறார், 5 சதவீதம் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். நாடாளுமன்றத்தில் இடம் பிடித்த எதிர்க்கட்சிகளுக்குக் கிடைக்கும் பொதுப்பணமும் இடங்களோடு ஓட்டு எண்ணிக்கையையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதோடு, பாதுகாப்பான தொகுதி என்பது சாசுவதம் இல்லை. பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியான போல்ஸோவர் 1950-லிருந்து லேபர் கையில் இருந்தது, 2019-ல் கன்சர்வேட்டிவுக்குப் போனது, 2024-ல் திரும்பி வந்தது. லெஸ்டர் கிழக்கில் 2024-ல் வேறொன்று நடந்தது. அந்தத் தொகுதியின் பழைய லேபர் எம்.பி.க்கள் இரண்டு பேர், ஒருவர் சுயேச்சையாக, இன்னொருவர் ஒரு சிறிய கட்சியின் பெயரில், லேபரை எதிர்த்து நின்றார்கள், ஓட்டு பல பக்கம் பிரிந்தது, கன்சர்வேட்டிவ் கட்சி அந்தத் தேர்தலில் மற்றவரிடமிருந்து பறித்த ஒரே தொகுதியாக அது ஆனது.

தொந்தரவான வகை, மூன்று நான்கு பேர் நெருக்கமாக நிற்கும் தொகுதி. அங்கே டாக்டிகல் கணக்கு தப்பிப்போக நிறைய வாய்ப்பு உண்டு. தொகுதிவாரியாகக் கணிக்கும் கருத்துக்கணிப்புகள் இப்போது வருகின்றன, அவற்றைப் பார்க்கலாம், ஆனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். 2024-ல் கருத்துக்கணிப்புகள் லேபரின் முன்னிலையை நிஜத்தைவிட அதிகமாகக் காட்டின. கணக்கு தெளிவாக இல்லையென்றால் நான் மனதுக்குப் பிடித்தவருக்கே போடுவேன். தவறான கணக்கை நம்பி, பிடிக்காத ஒருவருக்குப் போட்டு, அதுவும் வீணாவதைவிட அது மேல்.

இங்குள்ளவர்கள் எதை வைத்துப் போடுகிறார்கள்

இதைத் தெரிந்துகொண்டால் டீ இடைவேளையில் சக ஊழியர்கள் பேசுவது புரியும். அறுபதுகளில் பட்லர், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாக்காளர்களைப் பேட்டி எடுத்துப் பார்த்தபோது, அப்பா அம்மா எந்தக் கட்சியோ பிள்ளையும் பெரும்பாலும் அதே கட்சியாக இருந்தார். தொழிலாளி என்றால் லேபர், அலுவலகக்காரர், முதலாளி என்றால் கன்சர்வேட்டிவ் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அது இப்போது நிறையக் கரைந்துவிட்டது. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு வர்க்கத்தைவிட வயதும் படிப்பும்தான் கட்சியை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிறவர்கள் ஏராளம். அப்படி மாறுவதை இங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை, நீங்களும் ஒரு தடவை போட்ட கட்சிக்கே வாழ்க்கை முழுக்கக் கட்டுப்பட்டவர் இல்லை.

கொள்கையை வரிவரியாகப் படிக்கிறவர்கள் குறைவு. "இவர்களை நம்பி நாட்டை ஒப்படைக்கலாமா, காசைச் சரியாகக் கையாள்வார்களா" என்ற பொதுவான எண்ணம்தான் பலருக்கு முடிவைத் தருகிறது. 2022 செப்டம்பர் 23 அன்று, அப்போதைய கன்சர்வேட்டிவ் பிரதமர் லிஸ் ட்ரஸ் அரசின் நிதியமைச்சர், பணம் எங்கிருந்து வரும் என்று காட்டாமல், சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். சந்தை ஆட்டம் கண்டது, அடுத்த மாதமே இரண்டு வருட நிலையான வீட்டுக்கடன் வட்டி சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வாரங்களில் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருந்த வீடுகளில் மாதத் தவணை நூற்றுக்கணக்கில் கூடியது. அப்படிச் சிக்கிய ஒரு குடும்பம் எனக்குத் தெரியும், சமையலறை மேஜையில் பழைய வட்டிக் கடிதத்தையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கால்குலேட்டரை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கட்சி அரசியலில் ஆர்வமே கிடையாது. ஆனால் அந்த இரண்டு கடிதங்களை மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் வந்த தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடமாகச் சுருங்கியது, அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு, ட்ரஸ்ஸும் தன் தொகுதியை 630 ஓட்டில் இழந்தார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் நிர்வாகத் திறமை என்ற நம்பிக்கை உடைந்தால் திரும்ப ஒட்ட வைப்பது கடினம்.

உங்கள் பட்டியலை எழுதுங்கள்

இப்போது அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் உங்கள் வாழ்க்கையைத் தொடுகிற நான்கு விஷயங்களை எழுதுங்கள். நாட்டுக்கு எது நல்லது என்று பொதுவாக எழுதாமல் உங்கள் வீட்டில் நடப்பதை எழுதுங்கள். ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) நேரம் கிடைக்கவில்லை. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைக்கு யுனிவர்சிட்டிக் கட்டணம் வரப்போகிறது. நான்குக்கு மேல் எழுதாதீர்கள், எல்லாம் முக்கியம் என்றால் முடிவு எடுக்க முடியாது. அப்புறம் அவற்றை வரிசைப்படுத்துங்கள். வரிசைப்படுத்துவதுதான் கஷ்டம், அதைச் செய்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

விசா நம்மில் பலருக்கு முதல் இடத்தில் வரும். இங்கே கட்சிப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். கணவரையோ மனைவியையோ அழைத்துவரத் தேவையான குறைந்தபட்ச வருமானத்தை 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக 2024 ஏப்ரலில் உயர்த்தியது கன்சர்வேட்டிவ் அரசு. நிரந்தரக் குடியிருப்புக்கான காத்திருப்பைப் பொதுவாக 5 வருடத்திலிருந்து 10 வருடமாக நீட்டும் திட்டத்தை 2025 மே மாதம் வெளியிட்டது லேபர் அரசு. நிரந்தரக் குடியிருப்பு என்ற முறையையே ஒழிப்போம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது ரிஃபார்ம். "இந்தக் கட்சி நம்மவர்களுக்கு நல்லது" என்று இருபது வருடத்துக்கு முன்னால் வந்த மாமா சொல்வது அவர் காலத்துக்கு உண்மையாக இருந்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இந்தத் தேர்தலுக்கான அறிக்கை.

தேர்தல் அறிக்கையை எப்படிப் படிப்பது

முழுவதும் படிக்காதீர்கள். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னால் எல்லாக் கட்சிகளின் அறிக்கையும் இணையத்தில் வந்துவிடும். உங்கள் நான்கு விஷயங்களை மட்டும் தேடிப் படியுங்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். "செய்வோம்" ஒரு ரகம். "ஆராய்வோம்", "முயல்வோம்", "நிலைமை அனுமதிக்கும்போது" இன்னொரு ரகம். எண்ணும் தேதியும் இருக்கிறதா, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். ஒவ்வொரு தேர்தலிலும் முக்கியக் கட்சிகளின் கணக்கு ஒத்துவருகிறதா என்று அலசி வெளியிடுகிறது, எளிய மொழியில்தான் இருக்கும், அதைப் பத்து நிமிடம் படித்தால் போதும்.

அறிக்கையில் இருப்பதெல்லாம் நடந்துவிடாது. 2010-ல் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் யுனிவர்சிட்டிக் கட்டண உயர்வை எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று கையெழுத்துப் போட்டு, அட்டையைப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கன்சர்வேட்டிவோடு கூட்டணி ஆட்சியில் சேர்ந்தார்கள், 2012-லிருந்து இங்கிலாந்தில் கட்டண வரம்பு வருடத்துக்கு 9,000 பவுண்டு ஆனது. 57 இடம் வைத்திருந்த கட்சி 2015-ல் 8 இடத்தில் வந்து நின்றது. வாக்காளர்கள் மறக்கவில்லை. தேர்தல் அறிக்கைக்கு அந்த அளவுக்காவது மதிப்பு இருக்கிறது.

கதவுக்குள் விழும் நோட்டீஸ்

தேர்தல் நெருங்கினால் தினமும் கதவுத் துவாரம் வழியாக நோட்டீஸ் விழும். தூக்கிப் போடாதீர்கள், ஆனால் அப்படியே நம்பவும் வேண்டாம். ஒன்றை எடுத்துப் பார்ப்போம். மேலே வேட்பாளர் ஒரு ரோட்டுப் பள்ளத்தை விரலால் காட்டிக்கொண்டு நிற்கிறார். நடுவில் ஒரு பட்டை வரைபடம்: நோட்டீஸ் போட்ட கட்சிக்கு உயரமான பட்டை, எதிரிக்கு அதைவிடக் கொஞ்சம் உயரம், மூன்றாமவருக்குக் கட்டை விரல் அளவு, அதன் மேல் "இவர்களால் இங்கே ஜெயிக்க முடியாது" என்று சிவப்பில். இப்போது பட்டைக்குக் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். அந்த எண்கள் நாடாளுமன்றத் தேர்தலுடையதா, கவுன்சில் தேர்தலுடையதா, ஏதோ ஒரு வார்டு இடைத்தேர்தலுடையதா? பட்டைகளின் உயரமும் எண்களும் பொருந்துகின்றனவா? ஒருமுறை நான் ஸ்கேல் வைத்தே அளந்து பார்த்தேன், 19 சதவீதத்தின் பட்டை 31 சதவீதத்தின் பட்டையில் கால்வாசி கூட இல்லை. இந்த வித்தையை எல்லாக் கட்சிகளும் செய்கின்றன. நீங்கள் எழுதி வைத்த கடந்த தேர்தல் முடிவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் சட்டப்படி இருக்க வேண்டும். அது இல்லாத நோட்டீஸை நம்பவே வேண்டாம்.

வேட்பாளர்

கட்சியா, ஆளா? இங்கேயும் கொறடா உண்டு, பெரும்பாலான எம்.பி.க்கள் பெரும்பாலான நேரம் கட்சி சொன்னபடிதான் போடுவார்கள். 2024 ஜூலையில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவித்தொகை தராத விதியை நீக்கச் சொல்லி, கட்சி முடிவை மீறி ஓட்டுப் போட்ட ஏழு லேபர் எம்.பி.க்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்தே நிறுத்தி வைத்தார்கள். ஆகவே வரியும் விசாவும் பட்டியலில் முதலில் இருந்தால் கட்சியைப் பாருங்கள். உள்ளூர் ஆஸ்பத்திரி, உங்கள் தனிப்பட்ட வழக்குக்கு உதவி, தமிழர் பிரச்சினையில் குரல் என்றால் ஆளுக்கும் கனம் உண்டு. இப்போதைய எம்.பி. மீண்டும் நிற்கிறார் என்றால் 'தே வர்க் ஃபார் யூ' என்ற தளத்தில் அவர் என்ன பேசினார், எதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்க்கலாம்.

தமிழர் பிரச்சினை பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் கோயில் திருவிழாவுக்கு வருவார்கள், பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள், வணக்கம் சொல்வார்கள், மே 18 நினைவேந்தலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, வருவதே ஒரு மரியாதைதான். ஆனால் வந்தவர் நாடாளுமன்றத்தில் இலங்கை பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று தேடிப் பாருங்கள். 2025 மார்ச்சில் போர்க்கால உரிமை மீறல்களுக்காக இலங்கையின் முன்னாள் ராணுவத் தளபதி ஷவேந்திர சில்வா, புலிகளிடமிருந்து பிரிந்த கருணா உள்பட நான்கு பேர் மீது பிரிட்டன் தடை விதித்தது. அப்படிப்பட்ட முடிவுகளுக்குப் பின்னால் எம்.பி.க்களிடம் பல வருடம் விடாமல் மனுக் கொடுத்த ஈழத் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. அதில் யார் கூட நின்றார்கள் என்பது பதிவில் இருக்கும்.

தமிழர் நின்றால் தமிழருக்கே போட வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உமா குமரன் 2015-ல் ஹாரோ கிழக்கில் லேபர் வேட்பாளராக நின்று தோற்றார், 2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று முதல் தமிழ் எம்.பி. ஆனார். எனக்கும் அன்று மகிழ்ச்சிதான். ஆனால் என் தொகுதியில் ஒரு தமிழர் நின்றால் அவர் பெயரைத் தாண்டி, கட்சியையும் என் நான்கு விஷயங்களையும் வைத்துத்தான் பார்ப்பேன்.

சங்கம் சொன்னது, வீட்டுக்காரர் சொன்னது

வாட்ஸ்அப் குழுவில் "நம் சமூகம் இந்தமுறை இவருக்கே" என்று செய்தி வரும். கேளுங்கள், காரணம் சொன்னால் யோசியுங்கள், ஆனால் கட்டுப்பட வேண்டியதில்லை. இங்கே 1872-லிருந்து ரகசிய வாக்கெடுப்பு. கணவரோ மாமனாரோ வீட்டு முதலாளியோ, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கண்டுபிடிக்கும் வழி எதுவும் இல்லை. தபால் ஓட்டில்தான் ஜாக்கிரதை வேண்டும். வீட்டிலேயே நிரப்புவதால், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லச் சொல்ல நிரப்பும் நிலை வரலாம். அப்படி வற்புறுத்துவது குற்றம். கட்சிக்காரர்கள் உங்கள் தபால் ஓட்டுக் கவரை வாங்கிக் கொண்டுபோவதற்கும் இப்போது சட்டப்படி தடை. "குடுங்க, நானே போட்டுடறேன்" என்றால் கொடுக்காதீர்கள். நேரில் போக முடியும் என்றால் நேரிலேயே போங்கள் என்பேன்.

அந்த நாள்

வியாழக்கிழமையாக இருக்கும், காலை 7 முதல் இரவு 10 வரை, வேலை முடிந்தும் போகலாம். பள்ளிக்கூடமோ சர்ச் மண்டபமோ நூலகமோ, பக்கத்தில்தான் இருக்கும். வாசலில் கலர் கலராக ரிப்பன் பூ குத்திய கட்சித் தொண்டர்கள் நின்று உங்கள் எண்ணைக் கேட்கலாம். அவர்கள் அதிகாரிகள் இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே மேஜையில் பெயரும் முகவரியும் சொல்லி, போட்டோ அடையாளம் காட்ட வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும், பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ் செல்லும், காலாவதி ஆகியிருந்தாலும் படத்தில் நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, வேறு எதுவும் இல்லை என்றால் வாக்காளர் சான்றிதழ் ஒன்று இலவசமாகக் கிடைக்கும், தேர்தலுக்கு 6 வேலை நாட்களுக்கு முன்னால் மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்கு முன்னால் தபாலில் வரும் போலிங் கார்டு கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை.

ஓட்டு எந்திரம் கிடையாது, விரலில் மையும் கிடையாது. ஒரு காகிதம் தருவார்கள், ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில் தொங்கும். முதல் தடவை எனக்கு அந்தப் பென்சில் கலக்கமாக இருந்தது, அழித்துவிடுவார்களோ என்று. சொந்தப் பேனா கொண்டுபோகலாம், தடையில்லை. பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருக்கும், பக்கத்தில் கட்சிச் சின்னம். ஒரே ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போடுங்கள். இரண்டு பேருக்குக் குறி போட்டால் செல்லாது. நோட்டா கிடையாது. தப்பாகக் குறித்துவிட்டால் பெட்டியில் போடுவதற்கு முன்னால் மேஜையில் சொல்லுங்கள், வேறு காகிதம் தருவார்கள்.

இரவு சரியாகப் பத்து மணிக்குத் தொலைக்காட்சிகள் எக்ஸிட் போல் சொல்லும், தொகுதி முடிவுகள் விடிய விடிய வரும்.

ஜெயித்தவர் நீங்கள் போட்ட ஆளாக இல்லாமல் இருக்கலாம். அப்போதும் அவர்தான் உங்கள் எம்.பி., ஓட்டே இல்லாதவர்களுக்கும் அவர்தான். எம்.பி.க்கள் தொகுதியில் மக்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குவார்கள், அதற்குப் பெயர் சர்ஜரி, டாக்டரோடு சம்பந்தமில்லை. விசா முடிவு மாதக்கணக்கில் இழுத்தால் அவர் அலுவலகம் உள்துறையிடம் கேட்டுச் சொல்லும். மின்னஞ்சல் எழுதும்போது முழு முகவரியையும் தபால் குறியீட்டையும் கட்டாயம் போடுங்கள், தன் தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் பதில் வரும். புது எம்.பி. பதவியேற்ற சில வாரங்களில், உங்கள் தாளின் பின்பக்கத்தில் முதலாவதாக இருக்கும் விஷயத்தை எடுத்து, நாலைந்து வரியில் எழுதி அனுப்புங்கள்.